பத்தாம் நம்பர் கட்டிலும் பதினேழு துண்டும்

நம்புதவங்க சீட்டுல உக்காந்துக்கிடுங்க, நம்பாதவங்க படிக்கட்டுல தொத்திக்கிட்டே வாங்க, ரெண்டு கூட்டத்தையும் ஒரே ஸ்டாப்புலதான் எறக்கிவிடப் போறேன்.

ஒரு டவுனு, அந்த டவுனுல ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, அந்த ஆஸ்பத்திரியில ஆம்பளைங்க வார்டு, அந்த வார்டுல ஜன்னலோரமா பத்தாம் நம்பர் கட்டிலு, அந்தக் கட்டில்ல சாஞ்சு உக்கார வச்ச ஒரு மனுசன், அவரு பக்கத்துல எப்சிபா சிஸ்டரு, சிஸ்டரு கையில ஒரு கிண்ணம், கிண்ணத்துல கொழகொழன்னு மசிச்ச இட்லி. இம்புட்டுதான் ஆரம்பம். இதுக்குள்ளதான் எல்லாம் நடந்துச்சு.

எப்சிபா சிஸ்டருக்கு இருபத்திரெண்டு வருசம் சர்வீசு. அவ மொறைச்சான்னா பாட்டில்ல எறங்குத குளுக்கோஸு ஒரு நிமிசம் நின்னு, எறங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டுத்தான் அடுத்த சொட்டு விழும். பெட்டுக்கடியில செருப்பு இருக்கக் கூடாது, பெட்டுமேல சொந்தக்காரன் இருக்கக் கூடாது, சாப்பிடும்போது பேசக் கூடாது, இந்த மூணும் அவ சட்டம். மூணாவது சட்டத்தை அவளே மீறுவான்னு அவளுக்கே தெரியாது, பாவம்.

கட்டில்ல இருந்த மனுசன் கொம்பையா. முத்துமாலை மினிபஸ்ஸுல முப்பத்தோரு வருசமா கண்டக்டரு. சீட்டு இருபத்தஞ்சு, ஏத்துதது அறுபது. "உள்ள போ, உள்ள போ, நடுவுல கல்யாண மண்டபமே கெடக்கு, அங்க போய் நில்லுங்க"ன்னு கத்திக்கிட்டே இருப்பாரு. ஏறுதவனையும் விடமாட்டாரு எறங்குதவனையும் விடமாட்டாரு, ஏதாவது ஒண்ணு சொல்லி வம்பிழுத்துத்தான் அனுப்புவாரு, வம்பு வாங்காம எறங்குனவன் வீட்டுக்குப் போய், என்னமோ இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்குன்னு படுத்துக்கிடுவான். அப்பேர்ப்பட்ட வாயி. ஒரு திங்கக்கெழமை செங்கச்சூளை ஸ்டாப்புல ஆளை எறக்கிட்டு, ரைட்டுன்னு சொல்ல வாயத் தொறந்தாரு, "ரை" வந்துச்சு, "ட்டு" வரல, ஆளு படியிலயே சாஞ்சுட்டாரு. வலது கையி, வலது காலு, பேச்சு, மூணும் ஒரே அடியில போயிட்டு. பக்கவாதம்.

எட்டாம் நாளு, ஒரு வாய் குடுத்துப் பாப்போம்னு டாக்டரு சொல்ல, எப்சிபா அவரை நல்லா நிமுத்தி உக்கார வச்சு, தாடையைக் கொஞ்சம் கீழ குனிய வச்சு, ஸ்பூன் கெடைக்காம, கையக் கழுவிட்டு விரலாலயே ஒரு சின்ன உருண்டையை நல்ல பக்கத்துக் கன்னத்துல வச்சா. வச்சுட்டு, தொண்டைக்குழி ஏறி எறங்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கையில, அவ வாயி தானாத் தொறந்து, ஆம்பளக் கொரல்ல, பஸ்ஸ்டாண்டுக்கே கேக்குத கொரல்ல, இப்பிடிச் சொல்லிச்சு:

"என்ன சிஸ்டரம்மா, இதுல உப்பைக் காணோமே, ஒங்க ஆஸ்பத்திரியில உப்புக்கும் ஓபி சீட்டுப் போட்டுட்டுத்தான் வரணுமோ?"

வார்டே திரும்பிப் பாத்துச்சு. கொம்பையா வாயி மூடித்தான் இருக்கு, மெதுவா மென்னுக்கிட்டு இருக்காரு. ஒம்பதாம் நம்பர் கட்டில்ல ஆஸ்துமாக்காரரு ஒருத்தரு, "ஓ, கண்டக்டருக்குப் பேச்சு வந்துட்டா, நல்லது"ன்னு சொல்லிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவ்வளவுதான் ஆச்சரியம்.

எப்சிபா சும்மா விடுத ஆளா. தண்ணி குடிச்சுப் பாத்தா, தொண்டையைச் செருமிப் பாத்தா, பைபிள்ல வருத சங்கீதம் இருபத்திமூணு சொல்லிப் பாத்தா, சொந்தக் கொரலு சரியாத்தான் இருக்கு. இன்னொரு உருண்டை வச்சா. "உப்புக் கேட்டா மொறைக்கியளே, சாம்பாரு கேட்டா ஊசி போட்டுருவியளோ?" திரும்பவும் அதே கொரலு. கையில உறையைப் போட்டுக்கிட்டு ஊட்டுனா பேச்சு இல்ல. ஸ்பூனு தேடிக் கொண்டாந்து ஊட்டுனா பேச்சு இல்ல. வெறுங்கை பட்டாத்தான் வருது, ஊட்டுனவங்க வாயில வருது, வச்ச வாய் தொண்டையில எறங்குத வரைக்கும் இருக்கு, எறங்குனதும் போயிருது. இது எல்லாத்தையும் நிதானமாக் கண்டுபிடிச்சிட்டு அவ கேஸ் ஷீட்டுல எழுதுனா: "நோயாளி நாலு வாய் உட்கொண்டார். நன்றாகப் பேசினார்." யாரு வாயால பேசினாருன்னு எழுத அந்த ஷீட்டுல கட்டம் இல்ல. கட்டம் இல்லாததுக்கு அவ என்ன செய்வா.

மத்தியானம் மினிபஸ் டிரைவரு சிந்தாமதார் வந்தாரு. கொம்பையாவும் அவரும் முப்பத்தோரு வருசமாக் கண்ணாடியில மூஞ்சி பாத்துப் பேசிக்கிட்டவங்க. வந்தவரு கையக் கழுவுனாரு, ஒரு வாய் ஊட்டுனாரு, ஊட்டுன ஒடனே அவரு வாயே அவரைத் திட்டிச்சு: "ஏ மதாரு, வாய்க்கா பாலத்துல ரெண்டாவது கியர்ல திருப்புன்னு எத்தனை மட்டம் சொல்லுதது, நான் இல்லைன்ன ஒடனே மூணுல திருப்புதியாமே, ஒம்பதாம் நம்பர் கட்டிலுக்காரரு மருமவன் சொன்னாரு." மதாரு தன்னைத் தானே திட்டிக்கிட்டு, தன் கண்ணீரைத் தானே தொடச்சுக்கிட்டு, "இப்பத்தாம்வே எனக்கு வண்டி ஓட்டத் தெம்பு வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாரு.

அவரு போனது வண்டியில. வண்டி போனது ஏழு ஸ்டாப்புக்கு. புளியமரம், செங்கச்சூளை, வாய்க்கா பாலம், தீப்பெட்டி ஆபீஸு, சர்ச்சு, கோழிப்பண்ணை, சொடலை கோயிலு. சாயங்காலத்துக்குள்ள ஏழு ஸ்டாப்புலயும் நியூஸு எறங்கிட்டு.

மறுநாள் காலையில எப்சிபா டூட்டிக்கு வந்து பாக்கா, பத்தாம் நம்பர் கட்டில்ல கொம்பையாவைக் காணோம். கட்டிலு பூராத் துண்டு. பச்சைத் துண்டு, காவித் துண்டு, பூப்போட்ட துண்டு, தேங்காப்பூத் துண்டு. துண்டை வெலக்கிப் பாத்தா அடியில கொம்பையா பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டுக் கெடக்காரு. விசயம் என்னன்னா, மினிபஸ்ஸுல எடம் புடிக்கணும்னா வண்டி நிக்கும் முன்னாடியே ஜன்னல் வழியாச் சீட்டுல துண்டைப் போட்டுரணும், துண்டு போட்டவனுக்குத்தான் சீட்டு, அதுல கலெக்டரே வந்தாலும் நின்னுக்கிட்டுத்தான் வரணும். அந்த வழக்கத்துல, ஊட்டுததுக்கு மொறை புடிக்க வார்டு ஜன்னல் வழியாக் கட்டில்ல துண்டைப் போட்டுட்டு வெளிய வேப்பமரத்தடியில நிக்காங்க ஏழு ஸ்டாப்பு சனமும். எண்ணிப் பாத்தா பதினேழு துண்டு.

"இது ஆஸ்பத்திரியா இல்ல ஒங்க வண்டியா?"ன்னு எப்சிபா கத்துனா.

"சிஸ்டரு, அந்த ஊதாத்துண்டு என்னுது, அது தலைமாட்டுல கெடக்கு, அப்ப நாந்தான் மொதல்ல."

"ஏ, தலைமாடு டிரைவர் சீட்டுல்லா? படி இருக்கது கால்மாட்டுல, கால்மாட்டுல இருந்துதான் எண்ணணும்."

எப்சிபா யோசிச்சா. வெரட்டலாம். வெரட்டுனா இந்த மனுசன் பேச்சும் போயிரும். அதுவும் இல்லாம, இவரு தின்ன மறுத்துச் சுருண்டு கெடக்க வேண்டிய ஆளு, ஆளைக் கண்டா கண்ணு மின்னுது. அதனால ஒரு தீர்ப்புச் சொன்னா: கால்மாட்டுல இருந்து மொறை, ஒரு நாளைக்கு எட்டுப் பேரு, ஆளுக்கு ஒரு வாய், அவ மசிச்சுக் குடுத்ததைத்தான் ஊட்டணும், தண்ணியா எதுவும் குடுக்கப்படாது, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும். அந்த மாசம் அந்த வார்டுல செலவான சோப்பு அதுக்கு முந்தின பத்து வருசத்துல செலவாகல. பெரிய டாக்டரு வந்து மோந்து பாத்துட்டு, "நம்ம ஆஸ்பத்திரிதானா இது?"ன்னு போர்டைப் போய்ப் படிச்சிட்டு வந்தாரு.

சனங்க வந்தாங்க. தீப்பெட்டி ஆபீஸு பொம்பளை ஒருத்தி ஊட்டிட்டு, "ஏட்டி, இன்னைக்கும் ஷிப்டுக்கு லேட்டா, மேஸ்திரி வாசல்ல நிப்பாரு ஓடு ஓடு"ன்னு தன்னையே வெரட்டிக்கிட்டு ஓடுனா. கோழிப்பண்ணைக்காரரு ஒண்ணும் கேக்க வரல, வம்பு வாங்காம அவருக்குப் பத்து நாளாத் தூக்கம் இல்லையாம், "என்ன முதலாளி, கோழி நல்லா இருக்கா, கோழி கூடச் சேந்து நீங்களும் பெருத்துட்டியளே"ன்னு தன் வாயாலயே வாங்கிக் கட்டிக்கிட்டுச் சிரிச்ச மூஞ்சியோட போனாரு. சர்ச்சு ஸ்டாப்பு பாதிரியாரு வாயில என்ன வந்துச்சுன்னு அவரு இன்னைய வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல, ஆனா மறுவாரம் பிரசங்கம் பத்து நிமிசத்துல முடிஞ்சுச்சு.

ஊட்டாத ஆளு ஒரே ஒரு ஆளு. கொம்பையா பொஞ்சாதி சண்முகவடிவு.

மத்த எல்லாம் வடிவுதான் செஞ்சா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எப்சிபா கூடச் சேந்து அவரைப் பெரட்டிப் போடுவா, முதுகைத் தொடச்சுப் பவுடரு போடுவா, குதிங்காலு செவக்குதான்னு பாப்பா, வேட்டியை அலசி முறுக்குனா அந்த வேட்டி அடுத்த சென்மத்துக்கும் காஞ்சிரும். ஆனா கிண்ணத்தைத் தொட மாட்டா. ஒரு நாளு கொழாயடியில எப்சிபா கேட்டா:

"வடிவக்கா, ஊரே ஊட்டுது, நீங்க ஏன் ஒரு வாய் ஊட்ட மாட்டேங்கிய?"

"எனக்குக் கை நடுங்கும் சிஸ்டரம்மா."

எப்சிபா அந்தக் கையைப் பாத்தா. வேட்டியைப் புழியுத அந்தக் கையி, கல்லைக் குடுத்தாக்கூடத் தண்ணி எடுக்கும். கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கிட்டு வார்டுக்குப் போயிட்டா.

இப்பிடிப் பதிமூணு நாளு போச்சு. பதினாலாம் நாளு ஞாயித்துக்கெழமை. எப்சிபா ஊரு வேதக்கோயில்ல அசனம், வருசத்துக்கு ஒருக்கா ஊரே ஒண்ணா உக்காந்து சோறு திங்குத பண்டிகை, இருபத்திரெண்டு வருசத்துல அதுக்கு மட்டும்தான் அவ லீவு எடுப்பா. போகும்போது, "எட்டு வாய், அதுக்கு மேல கூடாது"ன்னு நாலு மட்டம் சொல்லிட்டுத்தான் போனா. ஞாயித்துக்கெழமை, எல்லாருக்கும் லீவு, ஏழு ஸ்டாப்பும் தெரண்டு வந்துட்டு. எட்டாவது ஆளு ஊட்டுனதும், போதும்னு சொல்ல வேண்டியவரு யாரு? கொம்பையா. அவரு என்னைக்கு வண்டி நெறஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்காரு? எட்டாவது ஆளு வாயாலயே, "எடம் இருக்கு, எடம் இருக்கு, உள்ள வாங்க, நடுவுல மண்டபமே கெடக்கு"ன்னு கூப்பிட்டாரு. கூப்பிட்டா ஏற மாட்டோம்னு சொல்ல இந்தச் சனத்துக்கும் தெரியாது, முப்பத்தோரு வருசமா அவரு சொல்லி ஏறிப் பழகுனவங்க. முப்பது வாய் போச்சு. முப்பத்தோராவது ஆளு சொடலை கோயிலு ஸ்டாப்பு பனையேறி, ஆசை ஆசையாப் பதனி கொண்டாந்திருந்தாரு, உள்ளங்கையில ஊத்திப் பாசமாக் குடுத்தாரு. அது தண்ணி. அது போக வேண்டிய வழியில போகல. பொறை ஏறுச்சு.

திங்கக்கெழமை எப்சிபா வரும்போது மூச்சு கொறகொறன்னு வருது, ஒடம்பு கொதிக்குது, நெஞ்சுல சளி கட்டிட்டு. வேப்பமரத்தடியில முப்பத்தோரு பேரும் தலையில கையை வச்சு உக்காந்திருக்காங்க. எப்சிபா வாய் நெறையத் திட்டத்தான் போனா. அந்த மொகங்களைப் பாத்ததும் திட்டு வரல. "நான் போயிருக்கப்படாது"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

வார்டு டாக்டரு இளம்பரிதி சின்ன வயசு, மத்தியானச் சோத்தை நின்னுக்கிட்டே திங்குத ஆளு, நல்ல மனுசன். மருந்து ஏத்துனாரு, ஆக்சிஜன் வச்சாரு, கட்டிலுக்கு மேல ஒரு அட்டையை மாட்டுனாரு: வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. நாலு நாள்ல காய்ச்சலு தணிஞ்சுச்சு, அந்த நாலு நாளும் அவரு மூக்கு டியூப் பேச்சை எடுத்தப்பல்லாம் எப்சிபா வேண்டாம்னுட்டா. அஞ்சாம் நாளு காலையில வடிவையும் எப்சிபாவையும் நிக்க வச்சுச் சொன்னாரு:

"இனிமே மூக்கு வழியா டியூப் போட்டு அதுலதான் கஞ்சி குடுக்கணும்மா. வாய்ல குடுத்தா திரும்ப நெஞ்சுக்குள்ள போகும். அடுத்த தடவை தாங்குவாரான்னு சொல்ல முடியாது."

மதாரு அங்கனதான் நின்னுக்கிட்டிருந்தாரு. "டியூப் போட்டா யாரு கையாலயும் ஊட்ட முடியாதே. அப்ப அவரு பேசவே மாட்டாரா?"

டாக்டரு வடிவைப் பாத்தாரு.

"போடுங்க"ன்னு வடிவு சொன்னா. "பேசாட்டிப் போவுது. இருந்தாப் போதும்."

எப்சிபா டியூபைத் தட்டுல எடுத்துட்டு வந்தா. மூக்கு நுனியில இருந்து காது, காதுல இருந்து நெஞ்செலும்புக்குக் கீழ, அளவு எடுத்து அடையாளம் வச்சா. ஆயிரம் பேருக்குப் போட்ட கையி. போட்டுப் பொழைச்சவங்களையும் பாத்திருக்கா, புடுங்கிப் புடுங்கிப் போடுதாங்கன்னு கையைக் கட்டிலோட கட்டி வச்சவங்களையும் பாத்திருக்கா. ரெண்டும் உண்மைதான். டியூபை மூக்குகிட்டக் கொண்டு போனா. கொம்பையா எடது கையி மெல்ல வந்து அவ மணிக்கட்டைப் புடிச்சுச்சு. தள்ளவும் இல்ல, இழுக்கவும் இல்ல. சும்மா புடிச்சுச்சு, வண்டியில வயசானவங்க ஏறும்போது அவரு புடிப்பாரே அப்பிடி.

"டாக்டர், இவரைக் கேட்டோமா?"

"அவரு பேசற நிலைமையில இல்லையே சிஸ்டர்."

"ஒரு வாய் குடுத்தாப் பேசுவாரு."

"அந்த ஒரு வாய்தானே ஆபத்துங்கறேன்."

அதுதான் சிக்கலு. கேக்காம எதையும் செய்யக் கூடாது, கேக்கணும்னா செய்யக் கூடாததைச் செய்யணும். டாக்டரு தலையைச் சொரிஞ்சாரு, நெஞ்சுல கொழாய வச்சுக் கேட்டாரு, கடைசியில, "ஒரே ஒரு வாய், நான் பக்கத்துல நிக்கறேன்"ன்னாரு.

எப்சிபா நிமுத்தி உக்கார வச்சா, தாடையைக் குனிய வச்சா, பட்டாணி அளவு உருண்டை வச்சா. "அண்ணாச்சி, மூக்குல டியூப் போடட்டுமா? போட்டா வயித்துக்குக் கஞ்சி போவும், கொஞ்ச நாளு கூட இருக்கலாம், ஆனா பேச்சு இல்ல, ருசி இல்ல. போடாட்டி ருசி உண்டு, பேச்சு உண்டு, ஆனா எப்ப வேணும்னாலும் பொறை ஏறும்."

அவ வாயில கொரலு வந்துச்சு. "வேண்டாம் சிஸ்டரம்மா. முன்வாசல் நல்லா இருக்கும்போது ஜன்னல் வழியா ஏறுத பாசஞ்சரை நான் என்னைக்கும் ஏத்துனது இல்ல."

மதாரு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஆனா டாக்டரு எப்சிபாவையே பாத்தாரு. "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு நாளா டியூப் வேண்டாம் டியூப் வேண்டாம்னு சொல்றது நீங்கதான். இப்ப சொன்னது அவரா, நீங்களா?"

எப்சிபாவுக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கோவம் வரல, பயம் வந்துச்சு. இருபத்திரெண்டு வருசமா, பேச முடியாதவங்களுக்கெல்லாம் அவதானே பேசுனா. இவருக்கு வலிக்கு, இவருக்குத் தண்ணி வேணும், இவரு வீட்டுக்குப் போணும்னு சொல்லுதாரு. அதுல எத்தனை அவங்க சொன்னது, எத்தனை இவளாச் சொன்னது? "எனக்கே தெரியல டாக்டர்"ன்னு சொன்னா. அப்பிடி ஒரு பதிலை அவ வாயி அதுவரைக்கும் சொன்னதே இல்ல.

"அப்போ டியூப் வேணும்னு சொல்றவங்க ஊட்டட்டும். அவங்க வாயில என்ன வருதோ அதுதான் அவரு சொன்னது"ன்னாரு டாக்டரு.

எல்லாரும் வடிவைப் பாத்தாங்க. வடிவு செவத்தோட செவரா ஒட்டிக்கிட்டா. "நான் மாட்டேன்."

"மைனி, ஒரு வாய்தானே"ன்னாரு மதாரு.

"மாட்டேன்னா மாட்டேன்!" கத்திட்டு விறுவிறுன்னு கொழாயடிக்குப் போயிட்டா. எப்சிபா பின்னாலயே போனா. கொழாயத் தொறந்து விட்டுட்டு, கழுவ ஒண்ணும் இல்லாம வடிவு நின்னுக்கிட்டிருந்தா.

"கை நடுங்குமோ?"

"முப்பத்தோரு வருசம் சிஸ்டரம்மா." தண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னா. "வண்டியில வாய் ஓயாது. வீட்டுப்படி ஏறுனா வாயத் தொறக்க மாட்டாரு. சோத்தை வச்சா திம்பாரு. தின்னுட்டுப் படுத்துருவாரு. நல்லாருக்குன்னு ஒரு சொல்லு கெடையாது, நல்லால்லன்னும் கெடையாது. ஏழு ஸ்டாப்பு பொம்பளைங்களும் ஒங்க வீட்டுக்காரரு மாதிரி உண்டாம்பாளுவ, நான் சிரிச்சுக்கிடுவேன். இப்பம் எல்லாரு வாயிலயும் பேசுதாரு. கோழிப்பண்ணைக்காரரு வாயிலகூடப் பேசுனாரு. நான் ஊட்டி, என் வாயில மட்டும் ஒண்ணும் வரலைன்னா? இத்தனை பேருக்கு முன்னாடி எனக்கு அது வேணுமா?"

எப்சிபா கொழாயை மூடுனா. அவ மொகத்துல மொறைப்பே இல்ல, அதுக்கே வடிவு பயந்துட்டா.

"எல்லாரையும் வெளிய அனுப்புதேன். ஜன்னலைச் சாத்துதேன். வரலைன்னா எனக்கு மட்டும்தான் தெரியும், கேஸ் ஷீட்டுல எழுத மாட்டேன். டாக்டரு ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் நிப்பாரு, அவருக்கு நம்ம மொகம் தெரியாது."

அப்பிடியே செஞ்சா. ஒம்பதாம் நம்பர் ஆஸ்துமாக்காரரு மட்டும், எனக்கு மூச்சு முட்டுதுன்னு போகல, ஆனா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு, அது அவருக்குக் கைவந்த கலை. வடிவு வீட்டுல இருந்து மதாரு வண்டி கொண்டாந்த தேங்காப்பால் சொதியையும் சோத்தையும் ஒண்ணாச் சேத்து, எப்சிபா சொன்ன பதத்துக்கு மசிச்சா. பதத்துக்கு மசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்ல. ஒரு வாய் வச்சா.

தொண்டைக்குழி ஏறுச்சு, எறங்குச்சு. பேச்சு இல்ல.

வடிவு எப்சிபாவைப் பாத்தா. எப்சிபா தொண்டைக்குழியைப் பாத்தா. "இன்னொண்ணு."

ரெண்டாவது வாய். ஏறுச்சு, எறங்குச்சு. ஃபேன் சுத்துத சத்தம்தான் கேக்கு.

"பாத்தியளா"ன்னு வடிவு மெதுவாச் சொன்னா. கண்ணுல பொலபொலன்னு கொட்டுது. "நான் சொன்னேன்லா."

"அக்கா. ஒண்ணே ஒண்ணு. எனக்காக."

வடிவு மூணாவது வாய் வச்சா. அவரைப் பாக்காமத்தான் வச்சா. வச்சுட்டுக் கிண்ணத்தைக் கீழ வைக்கப் போனா. அப்பம் அவ வாயி தொறந்துச்சு. வந்தது அவரு கொரலுதான், ஆனா பஸ்ஸுல யாரும் கேக்காத கொரலு, எஞ்சினை அமத்திப் போட்டாத்தான் கேக்கும், அம்புட்டு மெதுவா.

"மொத ரெண்டு வாயும் நல்லாருந்துச்சு வடிவு. அதான் பேசாமத் தின்னேன்."

வடிவு கீழ வைக்கப் போன கிண்ணத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

"முப்பத்தோரு வருசமும் அப்பிடித்தான். நாளு பூரா நின்னுக்கிட்டே போற பொழப்பு. எல்லாருக்கும் எடம் பாத்துக் குடுத்தேன், எனக்கு உக்கார எடம் கெடைச்சது உன் முன்னாடிதான். எடம் கெடைச்சவன் பேசமாட்டான் புள்ள, கண்ணை மூடிக்கிடுவான். அதைச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்புதான்."

எப்சிபா அப்பத்தான் கவனிச்சா. அவரு எடது கன்னம் உப்பியிருக்கு. முழுங்காம ஒதுக்கி வச்சிருக்காரு. முழுங்குனா கொரலு போயிருமே, அதுக்காகக் கன்னத்துல வச்சுக்கிட்டுப் பேசுதாரு. நர்ஸுன்னா, முழுங்குங்க அண்ணாச்சின்னு சொல்லணும், கன்னத்துல சோறு ஒதுங்கி நின்னா ஆபத்து. சொல்லல.

"டியூப் வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு வாய், உன் கையால. அதுக்கு மேல யாரு வந்தாலும் வண்டி ஃபுல்லுன்னு சொல்லிரு, எனக்கு அதைச் சொல்ல வராது, உனக்கு வரும். ஸ்கிரீனுக்குப் பின்னால நிக்க டாக்டரய்யா, பொறை ஏறும்னு எனக்குத் தெரியும், ஏறுனா ஏறட்டும். கடைசி ஸ்டாப்பு எதுன்னு கண்டக்டருக்குத் தெரியாதா?"

இம்புட்டையும் சொன்னது, டியூப் போடுங்கன்னு சொன்ன அதே வாயி. ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் பேனா எழுதுத சத்தம் கேட்டுச்சு, எடையில மூக்கை உறிஞ்சுத சத்தமும். தொண்டைக்குழி ஏறி எறங்குச்சு. வடிவுக்குச் சொந்தக் கொரலு திரும்ப வந்ததும் அவ சொன்ன மொதச் சொல்லு: "கோட்டிக்காரரே, இதைச் சொல்ல இவ்வளவு நாளா?"

மேல மாட்டுன அட்டை மாறுச்சு: தினமும் நான்கு வாய், மனைவி கையால் மட்டும். பதினேழு துண்டையும் திருப்பிக் குடுக்கலாம்னு எப்சிபா எடுத்தா, ஒருத்தரும் வாங்கல. மொறை இல்லாட்டிப் போவுது, துண்டு கெடக்கட்டும்னுட்டாங்க. சரின்னு அதைச் சலவைக்குப் போட்டு, சுருட்டிச் சுருட்டி, வெளங்காத தோளுக்கடியில ஒண்ணு, முழங்காலுக்கு நடுவுல ஒண்ணு, குதிங்காலு கட்டில்ல படாம ரெண்டு, முதுகுக்கு நாலுன்னு முட்டுக் குடுத்து வச்சா. அந்த மனுசனைப் புளியமரத்துத் துண்டு தோள்ல தாங்குச்சு, சொடலை கோயிலுத் துண்டு காலைத் தாங்குச்சு. பதனிக்காரரு தினமும் வந்து, தன் துண்டு எந்த எடத்துல இருக்குன்னு மட்டும் பாத்துட்டு, கும்பிட்டுட்டுப் போவாரு.

நாலு வாயில மூணை அவரு வாயத் தொறக்காமத் தின்னாரு. வடிவு கோவிச்சுக்கிடல, அந்தச் சும்மா இருக்கதை அவளும் ருசியா உக்காந்து பாத்தா. நாலாவது வாயில பேசுனாரு. பேசுனதெல்லாம் நன்றிதான், ஆனா கொம்பையா நன்றி எப்பிடி இருக்கும். "பெரிய டாக்டருக்கு நன்றி சொல்லு, அவரு வந்தா வார்டுல ஈ கூட நிக்க மாட்டேங்கு." "ஒம்பதாம் நம்பருக்கு நன்றி சொல்லு, அந்த மனுசன் இருமலு இல்லைன்னா எனக்குப் பொழுதே போயிருக்காது." ஒரு நாளு, "சிஸ்டரம்மாவைக் கூப்பிடு"ன்னாரு. எப்சிபா வந்து நின்னா. "ஒன்றரை மாசமாக் கெடக்கேன், முதுகுல ஒரு புண்ணு இல்ல. எல்லாரும் என்னைப் பேச வைக்க வந்தாங்க, நீங்க ஒருத்திதான் என்னைக் கேக்க வந்திய. ஆனா அந்த மொத நாளு இட்லியில உப்பு இல்ல, அதை மறக்க மாட்டேன்." எப்சிபா மொறைச்சா. மொறைச்சுக்கிட்டே அழுதா. பாட்டில்ல சொட்டு நிக்காம எறங்குச்சு.

நாப்பத்தி மூணாம் நாளு, காலையில பத்து மணி, நல்ல வெயிலு, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது மதாரு வழக்கம்போல ஹாரனை ரெண்டு அமுக்கு அமுக்குனாரு. வடிவு அன்னைக்கு மொத வாய் வச்சா. கொம்பையா அவளைப் பாத்துக் கண்ணை மூடுனாரு, எடம் கெடைச்சவன் மூடுவானே அப்பிடி. தொறக்கல. பொறை ஏறல, இருமல, ஒண்ணும் இல்ல. மூச்சு மட்டும் எறங்கிப் போயிட்டு.

வடிவை வெளிய உக்கார வச்சுட்டு எப்சிபா கடைசிக் காரியத்தைச் செஞ்சா. மொகத்தைத் தொடச்சா, கை காலைத் தொடச்சா, நகத்துக்கடியில கூடத் தொடச்சா. அடுத்தது வாயி. விரல்ல பஞ்சுத்துணியைச் சுத்தி உள்ள விட்டா. எடது கன்னத்துல தட்டுப்பட்டுச்சு, அன்னைக்கு வச்ச வாய். எறங்கவே இல்ல.

எப்சிபா விரலு நின்னுட்டு. படிச்சது என்ன சொல்லுது, வாயைச் சுத்தம் பண்ணணும். இருபத்திரெண்டு வருசம் என்ன சொல்லுது, வாயைச் சுத்தம் பண்ணணும். ஆனா எறங்குத வரைக்கும்தானே கொரலு இருக்கும், அப்ப எறங்காட்டி? இப்பம் எடுத்துட்டா? கேக்க அவரு இல்ல. இந்தத் தடவை அவதான் சொல்லணும், அவளாத்தான் சொல்லணும். விரலை மெல்ல வெளிய எடுத்தா. வாயை மூடி, தாடையைத் தேங்காப்பூத் துண்டால கட்டுனா. ஷீட்டுல, வாய் சுத்தம் செய்யப்பட்டதுங்கிற கட்டத்துல டிக்கு போடல. அவ சர்வீசுலயே காலியா விட்ட கட்டம் அது ஒண்ணுதான்.

மினிபஸ்ஸுலதான் கொண்டு போனாங்க. நடுவுல கல்யாண மண்டபம் கெடக்குன்னு சொல்லுவாரே, அங்கன அவரைப் படுக்க வச்சாங்க, சுத்திப் பதினாறு துண்டு. மொத தடவையா அந்த வண்டியில அவருக்குத்தான் எடம். வடிவு முன்சீட்டுல. மதாரு சாவியத் திருப்பிட்டாரு, எஞ்சினு ஓடுது, வண்டி நகரல. முப்பத்தோரு வருசமா ரைட்டுன்னு கேக்காம கிளச்சை விட்ட காலு இல்ல அது. யாராவது சொல்லுங்கன்னு கண்ணாடியில பாக்காரு. மாத்துக் கண்டக்டரு முதக்கொண்டு யாருக்கும் வாய் வரல. வாசல்ல எப்சிபா நிக்கா, தான் செஞ்சது சரியா தப்பான்னு யோசிச்சுக்கிட்டு.

வடிவு வாயைத் தொறந்தா.

"ட்டு!"

அவரு கொரலு. கணீருன்னு. செங்கச்சூளை படியில விட்டுப்போன அந்த மிச்சம், அது மட்டும்.

வண்டி கெளம்பிட்டு. ஏழு ஸ்டாப்புலயும் நின்னுச்சு, ஏழு ஸ்டாப்புலயும் வடிவு தலையை வெளிய நீட்டி, அவரு கொரல்ல ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லி வம்பிழுத்து நன்றி சொன்னா, சொடலை கோயிலு ஸ்டாப்புல, "ஏ பதனி, உன் பதனி நல்லாத்தாம்வே இருந்துச்சு"ன்னு சொல்ல, அந்த மனுசன் மூணு வாரமாத் தூக்காத தலையைத் தூக்குனாரு. கெளம்புன ஒடனேயே, ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன எப்சிபாவுக்கும் ஒண்ணு வந்திருந்துச்சு, வண்டி ரோட்டுக்குத் திரும்பும்போது, ஜன்னல் வழியா: "சிஸ்டரம்மா, கட்டம் காலியாத்தான் இருக்கட்டும்!"

இப்பமும் வடிவு வீட்டுல சோத்தை மசிச்சு வைக்கா, அவளே திங்கா, நல்லாருக்குன்னு அவரு கொரல்ல அவளே சொல்லிக்கிடுதா. எப்சிபா யாருக்கு ஊட்டுனாலும் மொதல்ல கேக்கா. உப்பும் போடுதா.

ஸ்டாப்பு வந்துட்டு. சீட்டுல இருந்தவங்களும் எறங்குங்க, படியில வந்தவங்களும் எறங்குங்க. துண்டை மறந்துராதீங்க.